கதவைத் திறந்து வைத்துத் தோண்டினேன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடி அகலமும் முப்பதடி நீளமும் உள்ள மண் இருக்கிறது. ஆரணியில் மனை வாங்கி வீடு கட்டியபோது, அதையும் சேர்த்து இரண்டு அறை எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டே காட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அப்பாவுக்கும் சரி, அவருடைய அப்பாவுக்கும் சரி, சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வரப்பேறி வந்தவர்கள். எங்கள் வம்சத்தில் பட்டாவில் பேர் ஏறிய முதல் ஆள் நான். அந்த மண்ணில் கொஞ்சமாவது மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்லிக் கோட்டைக் காலால் அழித்தேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். என் கணவர் செய்யாரில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பட்டு நெய்கிறவர்கள். எல்லா வீட்டுப் பின்புறமும் சிமெண்ட் தளம்தான். எங்கள் வீட்டில் மட்டும் கத்தரி, வெண்டை, ஒரு முருங்கை, சுவரோரம் அவரைப் பந்தல். போன மாசியில் ஒரு பாத்தி சர்க்கரைவள்ளியும் ஒரு பாத்தி மல்லாட்டையும் போட்டேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கடைசியாக மல்லாட்டைச் செடியைக் கையில் பிடித்தபோது எனக்குப் பத்து வயதோ பதினொன்றோ. அதுவும் வேறொருவர் நிலத்தில்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் சர்க்கரைவள்ளிக் கொடியை லேசாக இழுத்துப் பார்த்தேன். மேலே இலை பச்சைப்பசேலென்று இருந்தது. கொடி முழுசும் கையோடு வந்துவிட்டது. கீழே கிழங்கே இல்லை. கிழங்கு இருந்த இடத்தில் என் முழங்கை நுழைகிற அளவுக்குக் குழி. மறுநாள் காலை மல்லாட்டைப் பாத்தி நடுவில் கூடை கவிழ்த்தது மாதிரி புது மண் குவிந்திருந்தது. பக்கத்தில் உடைத்துப் போட்ட ஓடுகள். பிஞ்சைக்கூட விடவில்லை. பெருச்சாளி.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. இரும்புக் கூண்டு வாங்கி மசால்வடை வைத்தேன். ஒரு சுண்டெலி வந்து மாட்டியது. அப்புறம் கடைக்காரர் பசை தடவிய அட்டை கொடுத்தார். "இதுல கால வச்சா அவ்ளோதாங்க, நகர முடியாது" என்றார். முதல் நாள் அதில் அணில் மாட்டிக்கொண்டது. ஆபீசுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சமையல் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு அதை ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுத்தேன். அது என் விரலைக் கடித்துவிட்டு ஓடியது. அடுத்த நாள் அட்டையை வேறு இடத்தில் வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் பெருச்சாளி அட்டைமேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அதன் மேலேயே நடந்து போயிருக்கிறது. கால் தடம் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டையை நாலாக மடித்து எறிந்தேன். விஷக் கட்டி மட்டும் வைக்கவில்லை. எங்கள் சந்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. செத்த எலியை அது தின்னாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

இப்படி நான் தோற்றுக்கொண்டிருந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். அவரும் அவர் மனைவியும் வீட்டிலேயே, காலை இறக்கி மிதிக்கத் தரையில் பள்ளம் வெட்டி, பள்ளத் தறி போட்டு நெய்கிறார்கள். எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் பின்வாசலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அன்று காலை அவர் கையில் அறுந்த பட்டு இழைகள் ஒரு கொத்து இருந்தன.

"இதப் பாரும்மா. புதுப் பாவு. முந்தாநாளுதான் தறில ஏத்தினேன். இன்னா பண்ணி வச்சிருக்குது பாரு. ஒவ்வொரு இழையா எடுத்து முடிச்சுப் போடணும். போட்டாலும் பொடவைல தெரியும்."

கொத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நீளவாட்டு இழைகளை எண்ணிப் பாவாகத் தறியில் ஏற்றுவது எவ்வளவு பாடு என்று தினமும் பார்க்கிறவள் நான். "அடடா, எப்படிண்ணா?" என்று கேட்பதற்குள் அவர் கையைச் சுவர்ப்பக்கம் நீட்டினார்.

"எல்லாம் உன் தோட்டத்துலேர்ந்துதான் வருது. செடி கொடி வச்சிகினு, தண்ணி ஊத்திகினு இருந்தா பெருச்சாளி வராம இன்னா பண்ணும்? சிமெண்ட் போட்டுடு. தெருவுல எல்லாரும் போட்டாச்சி, உன் ஒருத்தி வூட்லதான் மண்ணு."

அதுவரை என்னை வாங்க, போங்க என்றே பேசியவர். அன்றுதான் 'நீ' ஆனேன்.

"உங்க பாவு போனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குதுண்ணா. ஆனா சிமெண்ட் போட மாட்டேன். எலியப் புடிக்கறேன்."

"நீ எங்க புடிக்கறது? மாசக்கணக்கா புடிச்சிகினுதான் இருக்கறே." திரும்பிப் போனவர் வாசற்படியில் நின்று சொன்னார்: "மண்ணுலயே கெடக்கணும்னா ஊர்லயே இருந்திருக்கலாம் இல்ல? டவுனுக்கு எதுக்கு வந்தே?"

ஊர் என்று அவர் சொன்னது வெறும் கிராமத்தை அல்ல. ஊருக்கு வெளியே எங்கள் வீடுகள் எந்தப் பக்கம் இருந்தன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் கழுவிக்கொண்டே, "போட்டுடலாம்மா. தெனம் அவுரு மூஞ்சிலதான் முழிக்கணும். இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார்.

"சிமெண்ட் போடறதுன்னா மொதல்ல என் மேல ஊத்துங்க. அதுக்கப்பறம் மண்ணு மேல ஊத்தலாம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழம நானே வளைய வெட்டறேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ள, நாங்கள் இருவரும் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அறுவடை முடிந்த வயலில் எலிவளை வெட்டுவது எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கிற வேலை. அப்பா கடப்பாரை போடுவார், அம்மா மண்ணை வாருவாள், நான் தப்பிக்கிற ஓட்டைக்கு நேராக வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எலி வளைக்குள் நெற்கதிரை அடுக்கி வைத்திருக்கும். நல்ல வளையாக அமைந்தால் ஒரு முறம் நெல் தேறும். அதைக் கழுவிக் காயவைத்துக் குத்தினால் பல நாள் கஞ்சி. எலியையும் சுட்டுத் தின்றோம். நன்றாகவே இருக்கும். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தள்ளிக் குந்துடி, எலி நாத்தம் வருது" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டபோது வயிற்று வலி என்றேன். அதன் பிறகு நான் வயலுக்குப் போகவே இல்லை.

வேலைக்கு வந்த பிறகு ஒரு தடவை ஆபீசில் யாரோ கைபேசியில் எலிக்கறி சமைக்கிற வீடியோவைப் போட்டார்கள். எல்லோரும் ஐயே என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். என் கணவர் வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கூண்டு, அட்டை என்று கடை கடையாக அலைந்த எனக்கு, ஒரு வளையை எப்படி வெட்டுவது என்று மட்டும் தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்ததைக் காட்டத்தான் பயந்தேன்.

"பண்றதுனா பண்ணு" என்றார் கணவர். "சந்துக் கதவ சாத்திகினு பண்ணு. யாராவது பாத்தா..."

"பாத்தா?"

அவர் துண்டைக் கொடியில் போட்டார்.

"தொறந்து வச்சிகினுதான் பண்ணுவேன்" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்தில் இருந்த வளை வாய்கள் எல்லாவற்றையும் தேடினேன். ஐந்து. ஐந்தையும் பொடிமண்ணால் லேசாக மூடிவைத்தேன். எலி புழங்குகிற வளையை அது திரும்பத் திறந்துவிடும், புழங்காதது அப்படியே கிடக்கும். காலையில் மூன்று திறந்திருந்தன. அதில் ஒன்றைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். இன்னொன்றின் மேல் பழைய மீன்வலையை விரித்துக் கணவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சந்தையில் வாங்கி வந்த மண்பானையின் அடியில் ஆணியால் தட்டி ஓட்டை போட்டு, உள்ளே வைக்கோலும் காய்ந்த வேப்பிலையும் இரண்டு கை மிளகாயும் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை மூன்றாவது வளைமேல் கவிழ்த்தேன். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டி போட்டு, அடியிலிருந்த ஓட்டை வழியாக ஊதினேன்.

சந்துக் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண் நின்றாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். நான் நிமிர்ந்து பார்க்காமல் ஊதிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் கொட்டியது. மிளகாய்ப் புகை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வலை திடீரென்று குதித்தது. "வந்துடுச்சி!" என்று கணவர் கத்தினார். முழங்கை நீளம், மயிர் சிலிர்த்துக்கொண்டு பன்றி மாதிரி உறுமியது. நான் கட்டையை எடுத்து ஒரே அடி. கை மறக்கவில்லை. மூன்றாவது ஊதலில் இன்னொன்று. கணவர் முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு களை வந்திருந்தது. "விடாத, இன்னும் இருக்குது, ஜல்தி ஊது" என்றார். சாத்திக்கொண்டு பண்ணச் சொன்ன மனுஷன்!

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ, இங்க வந்து பாருங்களேன்! தறிப் பள்ளத்துலேர்ந்து பொகை வருது!"

நான் ஊதுவதை நிறுத்திவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சந்து வழியாக அவர்கள் பின்வாசலுக்குப் போனேன். கதவருகே நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், பிறகு பின்னாலேயே வந்தார்கள். தறி இருக்கும் அறைக்கு வெளியே, சுவரை ஒட்டிச் சாக்கு மூட்டைகளும் உடைந்த தறிச் சாமான்களும் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. பாவுக்குக் கஞ்சி போட்டு மிஞ்சியதை ஊற்றுகிற இடமும் அதுதான். காய்ந்த கஞ்சி பொருக்குத் தட்டியிருந்தது. சாக்கு இடுக்கிலிருந்து என் வேப்பிலைப் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது.

"இத எடுத்துட்டு வெட்டணும்ண்ணா" என்றேன்.

"இங்கலாம் தோண்டக் கூடாது" என்றார் அவர்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு சற்று வளைந்த அம்மா. எங்களுக்குள் அதுவரை சுவர் தாண்டிக் கறிவேப்பிலை கொடுத்து வாங்குகிற பழக்கம்தான். "நீங்க சும்மா இருங்க" என்றார் புருஷனிடம். "பொகை எங்கேர்ந்து வந்துதுன்னு என் கண்ணால பாத்தேன். நீங்க வெட்டுங்கம்மா."

சாக்குகளை அவரும் நானும்தான் இழுத்துப் போட்டோம். பின்னால் குடம் நுழைகிற அளவுக்கு வளை. அங்கிருந்து ஒரு கிளை என் தோட்டத்துக்கு, ஒரு கிளை தறிப் பள்ளத்துக்கு. பெருச்சாளி குடியிருந்தது அவர்கள் பக்கம், என் தோட்டத்துக்கு வந்தது சாப்பாட்டுக்கு. இரண்டடி வெட்டியதும் கூடு தென்பட்டது. நான் எத்தனையோ எலிக்கூடு பார்த்திருக்கிறேன். வைக்கோலும் சருகுமாக இருக்கும். இந்தக் கூடு முழுக்கப் பட்டு. அரக்கு, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள், நடுநடுவே ஜரிகை மினுக்கியது. அதற்குள் கண் திறக்காத குஞ்சுகள். அவற்றை நான் விட்டுவைக்கவில்லை. அதை மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை.

பக்கத்து வீட்டம்மா குனிந்து அந்தப் பச்சை இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது போன வருசம் ஆடில நெய்ஞ்ச பொடவையோட முந்தி கலரு. அப்பலேர்ந்தே இங்கதான் இருந்திருக்குது" என்றார். புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க மல்லாட்டை போட்டது மாசியில."

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "கவர்மெண்ட் ஆபீஸ்ல வேல பாக்கறீங்க. இதெல்லாம் எங்கங்க கத்துகினீங்க?"

கேட்டவர் குரலில் கிண்டல் இல்லை. ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். யூடியூபில் பார்த்தேன் என்றிருந்தால் நம்பியிருப்பார்கள். என் கணவர் சந்து முனையில் வலையோடு நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலா, வேறெதுவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எங்க வூட்ல எலி புடிச்சித் தின்னோம்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அது சேத்து வச்ச நெல்லுல கஞ்சி குடிச்சித்தான் நான் படிச்சேன். அங்க கத்துகினது."

குடத்தோடு நின்ற பெண் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். நான் கடப்பாரையைத் தரையில் ஊன்றி நின்றேன். முதலில் வாயைத் திறந்தது பக்கத்து வீட்டம்மாதான்.

"ஒரு நாளைக்கு எத்தினி புடிப்பீங்க?"

"நல்லா கெடச்சா இருவது, முப்பது."

"அத்தினியுமா!" என்றார் அவர். கணக்காகப் பாவு ஓட்டுகிறவர் இன்னொருவர் தொழிலைக் கேட்டு வியக்கிற வியப்பு. வேறெதுவும் அதில் இல்லை. "இருங்க, காப்பி போட்டாறேன். கை கழுவிட்டு வாங்க."

அவர்கள் வீட்டுக் குழாயில் கை கழுவி, அவர்கள் டம்ளரில் காப்பி குடித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த வாரமே தறிப் பள்ளத்துக்குச் செங்கல் வைத்துப் பூசினார், சாக்கு மூட்டைகளை அப்புறப்படுத்தினார். என்னைப் பார்த்தால் பேசாமல் போவார். சிமெண்ட் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்கு வாராவாரம் வெண்டைக்காய் கொடுப்பேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் தொடர்ந்து, "வேணாங்க, நேத்துதான் வாங்கினோம்" என்றார்கள். நாலாவது வாரம் நான் போகவில்லை. அந்தக் காயை நாங்களே தின்றோம்.

விஷயம் ஆபீசுக்கும் போய்விட்டது. எனக்கு எதிர் மேசைக்காரர், "மேடம், எலிலாம் புடிப்பீங்களாமே?" என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"புடிப்பேன். சாப்ட்டும் இருக்கேன். வேற இன்னா தெரியணும்?"

அவர் அவசரமாக ஒரு கோப்பைத் திறந்து தேதி பார்க்க ஆரம்பித்தார்.

ஐப்பசி மழையில் மண் இளகியதும் புதிதாக ஒரு பெருச்சாளி வந்தது. அதையும் வெட்டினோம். இந்தத் தடவை கணவர் என்னைக் கேட்காமலே முதல் நாள் போய்ப் பானை வாங்கிவந்தார். அன்று சாப்பிடும்போது அவராகவே சொன்னார், சின்ன வயதில் அவருடைய அண்ணன் வளைக்குள் கையை விட்டுப் பாம்பைப் பிடித்து இழுத்த கதையை. இருபது வருடத்தில் முதல் தடவை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போன மாதம் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். பெரிய வீடு, முன்னால் புல்தரை போட்டிருக்கிறார். வண்டியை அணைக்காமல், கேட்டுக்கு வெளியே இருந்தபடியே சொன்னார்: "ஏம்மா, எலி புடிக்கறது நீதானே? நம்ம வூட்ல புல்லெல்லாம் பேத்துப் போட்டுது. சாயங்காலம் வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ. ஆளுக்குக் குடுக்கறத குடுத்துடறேன்."

அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தேன். அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது.

"வண்டிய அணைங்க சார்" என்றேன். அணைத்தார். "நான் கூலிக்கு எலி புடிக்கறதில்ல. எப்படிப் புடிக்கறதுன்னு சொல்லித் தரேன். கடப்பாரைய நீங்கதான் புடிக்கணும். சம்மதம்னா வரேன்."

அவர் முகம் சிவந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நடந்தே வந்தார், கேட்டைத் தட்டினார், "சம்மதங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புல்தரை நடுவில், பெண்டாட்டி பார்க்க, எதிர்வீட்டார் பார்க்க, கடப்பாரை போட்டார். மூச்சு இரைத்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் நாற்காலி கேட்டு வாங்கி நிழலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று கை காட்டினேன்.